மாடியேறிய கம்ப்யூட்டர்

கோணங்குளத்துக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரில் இருந்த அறிவையெல்லாம் திரட்டிப் பூ வியாபாரிகள் சங்கத்தில் வேலைக்கு வைத்திருந்தார்கள். செயலாளர் குருபாதம், எடை போடும் அய்யாக்கண்ணு, பில் போடும் சொக்கு ஆகிய மூவர்தான் அந்த அறிவு.

சங்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர். மாடியில் இருக்கும் சர்வரில் அன்றைய பூ விலை இருக்கும். கீழே இருப்பது அதனிடம் விலை கேட்டு பில் போடும். அன்று காலை கீழே இருந்தது எத்தனை தடவை தட்டியும் ஒரே வரியைத்தான் காட்டியது: "இணைப்பு மறுக்கப்பட்டது."

எதிரே பேச்சியக்கா கூடை நிறைய மல்லிகை மொட்டோடு நின்றாள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை யாரும் சீண்ட மாட்டார்கள்.

"சீக்கிரம் விலையைச் சொல்லுங்கய்யா, என் பொழைப்பு கருகுது."

குருபாதம் கம்ப்யூட்டர் கம்பெனி இன்ஜினீயர் வெண்ணிலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், கீழ இருக்கற மிஷின்ல சர்வர் விலாசம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல எந்த மிஷினோட நம்பர் இருக்கு?"

"அதோட சொந்த நம்பர்தாம்மா. நேத்துதான் சொக்கு திருத்தி வச்சான். அடுத்தவன் நம்பரைப் போட்டா பதில் அடுத்தவனுக்குல்ல போயிரும்?"

"ஐயோ சார், அப்ப அது தன்கிட்டயே விலை கேட்டுக்கிட்டு இருக்கு!"

"தன்கிட்டயே கேட்டும் இல்லைங்குதா?" அய்யாக்கண்ணு அசந்து போனார். "என்ன கறாரு!"

"மாடி மிஷினோட நம்பரைக் கீழ உள்ளதுல போடுங்க சார்."

மாடியில் இருந்ததில் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று உண்டு. சொக்கு ஓடிப்போய் அதை உரித்துவந்து கீழே உள்ளதன் நெற்றியில் பொட்டு மாதிரி ஒட்டினான். அப்போதும் அதே வரிதான் வந்தது.

வெண்ணிலா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். "சார், கீழ இருக்கறது கேக்கும். மேல இருக்கறதுதான் பதில் சொல்லும். குடுக்கறதும் மறுக்கறதும் அதோட இஷ்டம். புரியுதா?"

"புரிஞ்சுபோச்சும்மா!" குருபாதம் போனை வைத்தார். "தப்பு மிஷின்ல இல்லடா, இடத்துல. கீழ கிடக்கற வரைக்கும் நம்ம மிஷினை எவன் மதிப்பான்?"

"அப்ப மாடிக்கு ஏத்திருவோம்ணே" என்றான் சொக்கு.

"மேல இருக்கறதை என்ன செய்ய?" என்று கேட்டார் அய்யாக்கண்ணு.

"இறங்கட்டும். கேட்டு வாங்குற கஷ்டம் அதுக்கும் தெரியட்டும்."

இவர்கள் பேசி முடிப்பதற்குள் மொட்டு அத்தனையும் விரிந்துவிட்டது. பாவம், பேச்சியக்காவுக்குக் கண் கலங்கியது. "இதை இனி யாருய்யா வாங்குவா?"

"நாங்கதான்!" என்றார் குருபாதம். "பதவிக்குப் போற மிஷினை வெறுங்கழுத்தோடயா அனுப்பறது? மாலையாத் தொடுத்துக் குடு பேச்சி. விலையை நீயே சொல்லு."

அவள் சொன்னாள். அவர் பேரம் பேசாமல் கொடுத்தார். அய்யாக்கண்ணு தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, கம்ப்யூட்டர் மாலையும் கழுத்துமாக மாடியேறியது. சர்வர் கீழே வந்து உட்கார்ந்தது. சொக்கு அதிலிருந்து மாடிக்குப் போனதிடம் விலை கேட்டுப் பார்த்தான்.

"இணைப்பு மறுக்கப்பட்டது."

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "பாத்தியாடா, ஏறி உக்காந்த உடனே நம்மாளு மறுக்க ஆரம்பிச்சுட்டான்!"

பேச்சியக்கா வெறுங்கூடையை இடுப்பில் வைத்தாள். "நாளைக்கும் ஏத்துவீங்களாய்யா?"

"நாளைக்குக் கீழ இறங்கினதோட முறை" என்றார் குருபாதம். " ஒருத்தனையே மேல வச்சிருந்தா ஜனநாயகம் என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப ரெண்டு கூடையாக் கொண்டாரேன்" என்றாள் அவள். "சாவகாசமா, நல்லா வெயில் ஏறட்டும்."