ஜே வரிசையில் எழுதாமல் விட்டது

அருப்புக்கோட்டையில் ஒரு தியேட்டரில் சவரிமுத்து முப்பத்தொரு வருஷம் ஃபிலிம் ஓட்டினார். வயது ஐம்பத்தாறு. மனைவி இறந்து எட்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. மேலே புரொஜெக்டர் கேபினிலும் தனி, வீட்டிலும் தனி.

தியேட்டருக்கு டிஜிட்டல் மெஷின் வந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க ஹபீபா வந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் முதல் நாளே அவர் அவளை “டீச்சரம்மா” என்றுதான் கூப்பிட்டார். அதில் கேலி இல்லை.

முதல் காட்சி திரையில் விழுந்தபோது அவர் கேபின் சுவரிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. தூசு இல்லை. எழுத்து ஆடவில்லை.

அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்.”

“கேளுங்கண்ணே.”

“நம்ம ஊருக்குப் படத்தோட பிரிண்ட் நாலு ஊர் சுத்திட்டுத்தான் வரும். கோடு விழுந்திருக்கும். அறுந்த இடத்துல ஒட்டியிருக்கும். நானும் துடைச்சு, ஃபோகஸ் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். இப்ப இதைப் பார்த்தா... இத்தனை வருஷமா ஜனங்களுக்கு மட்டமான படத்தையா காட்டிட்டிருந்தேன்?”

ஹபீபா ஒரு தாளை எடுத்தாள். ஏ, பி, சி என்று தியேட்டரின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி அவரிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு மேட்னிக்கு நீங்க கீழே போங்க. ஒவ்வொரு வரிசையிலயும் கொஞ்ச நேரம் உட்காருங்க. படம் எப்படித் தெரியுதுன்னு எழுதிட்டு வாங்க.”

“கீழேயா?”

“ஏன், போனதில்லையா?”

“கூட்டம் இல்லாதப்போ போயிருக்கேன். படம் ஓடும்போது எப்படிப் போறது? இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ரீல் மாத்தணுமே.”

மேட்னிக்குப் பதினோரு பேர்தான். ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏ வரிசையில் ‘வெளிச்சம் கண்ணைக் குத்துது’ என்று எழுதினார். டி வரிசையில் ‘கறுப்பு கொஞ்சம் சாம்பலா இருக்கு. ஃபிலிம்ல இன்னும் கறுப்பா இருக்கும்’ என்று எழுதியபோது மனசுக்குச் சற்று இதமாக இருந்தது. ஐ வரிசை வரைக்கும் எதையும் விடவில்லை.

ஜே வரிசையில் ஒரு பெண் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். பக்கத்து இருக்கையில் அவளுடைய பை. சிரிப்பு வரும் இடத்திலெல்லாம் வாய்விட்டுச் சிரித்து, பை இருந்த பக்கம் திரும்புவாள். திரும்பிய வேகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்ப்பாள்.

பையை அடுத்த இருக்கையில் சவரிமுத்து உட்கார்ந்தார். அடுத்த முறை அவள் திரும்பியபோது அங்கே ஒரு முகம் இருந்தது.

“பாருங்களேன், ஹீரோ மறுபடியும் மாமனார்கிட்டயே போய் மாட்டப்போறான்!” என்றாள்.

“மாட்டத்தான் செய்வான்.”

அவர் சொல்லி வாய் மூடுமுன் திரையில் அவன் மாட்டிக்கொண்டான். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு ஆளோடு சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தோம் என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இடைவேளையில்கூட அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வரிசைகள் எல்லாம் காலியான பிறகும் சவரிமுத்து சற்று நேரம் அங்கேயே இருந்தார். பிறகு மேலே போனார்.

ஹபீபா தாளை வாங்கிப் பார்த்தாள்.

“ஐ வரைக்கும் இருக்கு. ஜே?”

“எழுதலை.”

“அங்கிருந்து படம் சரியாத் தெரியலையா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“அப்புறம் ஏன் எழுதலை?”

“படம் எப்படித் தெரியுதுன்னு பார்க்க மறந்துட்டேன், டீச்சரம்மா. அந்தப் பயலுக்கு என்ன ஆகுதோன்னு பார்த்துட்டே உட்கார்ந்துட்டேன்.”

ஹபீபா தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“முப்பத்தொரு வருஷமும் கீழே இருந்தவங்க அதைத்தாண்ணே பார்த்தாங்க.”