எர்லன்வீலர் ஓடை மண்ணுக்குள் போன கதை

அந்தக் காலத்தில் ஓடைக்கும் மாட்டுக்கும் பேச வாய் இருந்தது. மனிதனுக்குக் கேட்கக் காது இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

ஜெர்மனியின் தெற்கே, மலைமேல் பரந்து கிடக்கும் சுண்ணாம்புப் பாறை மேட்டில் எர்லன்வீலர் என்றொரு சிற்றூர். பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒரு சின்ன மாதா கோயில், கல்லும் முள்ளுமாகக் கொஞ்சம் நிலம். எவ்வளவு மழை கொட்டினாலும் பாறை இடுக்கு வழியாகக் கீழே இறங்கிவிடும், மேலே ஒரு சொட்டு தங்காது. அந்த மேட்டுக்கே இருந்தது ஒரே ஒரு ஓடை. அதன் கரை நெடுக எர்லன் மரங்கள் நின்றதால்தான் ஊருக்கு அந்தப் பெயர்.

அந்த ஓடையும் ஒரு காலத்தில் பாறைக்குள் இறங்கத்தான் பார்த்தது. அதன் படுகையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. முதன்முதலில் குடியேறியவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள்.

"சரி, மேலேயே இருக்கேன். ஆனா தாகத்தோட வர்ற யாரையும் விரட்டக் கூடாது" என்றது ஓடை.

அவர்கள் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். பொந்தில் ஒரு பெரிய கல்லை வைத்துக் களிமண்ணால் அப்பி மூடினார்கள். ஓடை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மனிதர்கள் பேரன் காலம் வரை காப்பாற்றினார்கள், அதுவே பெரிய விஷயம்.

பிறகு ஒரு கோடை. மழை ஏமாற்றிவிட்டது. மேட்டின் அந்தப் பக்கத்து ஊரான ஹாஸல்ஹோஃபிலிருந்து மாடுகள் கூட்டம் கூட்டமாக ஓடைக்கு வந்தன. எர்லன்வீலர் தலைவன் கெப்ஹார்டுக்கு அது பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டினான்.

"நம்ம ஓடை நமக்கே பத்தலை. வேலி போட்டாகணும்."

ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஓட்டிலியும் திறக்கவில்லை. அவள் சணல் துணி நெய்து, கரையில் விரித்து வெளுப்பவள். தண்ணீர் குறைந்தால் அவள் பிழைப்புப் போகும். துணியை இழுத்துக் கட்டும் தன் முளைகளில் இரண்டைக் கொண்டுவந்து வேலியில் அவளே அடித்தாள். தன் தங்கை லியோபா வாழ்க்கைப்பட்டிருப்பது ஹாஸல்ஹோஃபில்தான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஒரு மத்தியானம் லியோபா தன் சினை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். வேலிக்கு உள்ளே கெப்ஹார்ட் தடியோடு நின்றான். மாடு தலையைக் குனிந்து கேட்டது.

"ஒரு வாய் போதும் சாமி. எனக்காக இல்லை, வயித்துல இருக்கறதுக்காக."

"இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு உங்க ஊரே வந்து நிக்கும். போ போ!"

ஓட்டிலி ஈரத் துணியைப் போட்டுவிட்டு வாளியில் தண்ணீர் மொண்டு ஓடிவந்தாள். கெப்ஹார்ட் அந்த வாளியைக் காலால் எட்டி உதைத்தான். தண்ணீர் வேலிக்கு அடியில் வழிந்தது. மாடு முன்னங்காலை மடித்து விழுந்து அந்த ஈர மண்ணை நக்கியது. நக்கிக்கொண்டே செத்தது. வயிற்றில் இருந்ததும் அதோடு போயிற்று.

லியோபா அழவில்லை. வேலியைப் பார்த்தாள்.

"அக்கா, இது அப்பா உனக்குச் செதுக்கிக் கொடுத்த முளைதானே?"

ஓட்டிலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெப்ஹார்ட் மேல் கோபம், ஊர் மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் மேல் கோபம். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஓடையிடம் போய்க் கத்தினாள்.

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? வெக்கமில்லாம சலசலன்னு ஓடறியே! உனக்குக் கோபமே வராதா?"

"வயிறு எரியுது பெண்ணே. ஆனா நான் வாக்குக் கொடுத்தவள். கதவைச் சாத்தினது உங்க கை. திறக்கறதுக்கும் உங்க கைதான் வரணும்" என்றது ஓடை.

ஓட்டிலி வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையை எடுத்துவந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பொந்தை அடைத்திருந்த களிமண்ணைக் குத்திக் குத்திப் பெயர்த்துக் கரையில் வீசினாள்.

"அடியே, உனக்குப் பைத்தியமா? உனக்கும்தான் தண்ணி கிடைக்காது!" என்று கெப்ஹார்ட் அலறினான்.

"கிடைக்க வேணாம்! நானும்தானே முளை அடிச்சேன்!"

கடைசிக் குத்தில் கல் புரண்டது. ஓடை இடிபோல உறுமிக்கொண்டு, மீனும் நுரையுமாகப் பொந்துக்குள் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் படுகை வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. வேலி மட்டும் நின்றது, எதைக் காக்கிறோம் என்று தெரியாமல்.

ஊர் திரண்டு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டது. பாவி என்றார்கள், ஊரைக் கெடுத்தவள் என்றார்கள்.

"நம்ம வாசல்ல ஒரு மாடு மண்ணை நக்கிச் செத்தப்போ இந்த வாயெல்லாம் எங்கே போச்சு?" என்றாள் ஓட்டிலி.

அவள் கரையில் கிடந்த களிமண்ணைக் கூடையில் அள்ளினாள். ஊர் நடுவே இருந்த பள்ளத்தில் கொட்டி, மழைத் தண்ணீர் கீழே இறங்காதபடி மிதித்து மெழுகினாள். மறுநாள் ஒருவர் பின் ஒருவராக முணுமுணுத்துக்கொண்டே வந்து மிதித்தார்கள். வேறு வழி? எர்லன் மரங்கள் காய்ந்துபோய் ஊருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில் மழை வந்தது. பள்ளம் குளமானது.

முதல் ஆளாகக் கெப்ஹார்ட் தன் மாட்டை இழுத்துக்கொண்டு வந்தான். குளத்தங்கரையில் ஓட்டிலி கடப்பாரையோடு நின்றாள். மேட்டுப் பாதையில் லியோபா இன்னொரு மாட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"பின்னால நில்லு" என்றாள் ஓட்டிலி. அவன் நின்றான்.

அன்று முதல்தான் எர்லன்வீலர் ஓடை யார் கண்ணிலும் படாமல் பாறைக்கு அடியில் உறுமிக்கொண்டு ஓடுகிறது. ஊர் நடுவிலுள்ள மழைக்குளத்துக்கு யாரும் வேலி போடுவதில்லை. வெளியூர் மாடு குடித்துத் தலை நிமிரும்வரை உள்ளூர் மாடு தாகத்தோடு பின்னால் நிற்கிறது.