கறுப்புப் பூச்சு

நல்லபெருமாளுக்கு அன்று காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போவார், திரும்புவார், உட்காருவார், உடனே எழுந்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயது மனிதர். இருபத்தைந்து வருஷம் காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து யானையை நேருக்கு நேர் பார்த்தவர். ஒரு காவித் துணிக்காக இப்படித் தவித்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராதா?

மூன்று வருஷமாக அவர் தங்கியிருந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி வாங்கப் போகிறவர், தம்மால் விட முடியாத பொருள் ஒன்றை மடத்துத் தலைவியின் முன் வைக்க வேண்டும். அம்மா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். வயது என்னவோ நாற்பதுதான். அவர் பார்த்துச் சரி என்றால் துணி கிடைக்கும். இல்லையென்றால் இல்லை.

நல்லபெருமாளிடம் இருந்தது ஒரு கத்தி. ரேஞ்சர் காலத்திலிருந்தே இடுப்பைவிட்டு இறங்காத காட்டுக் கத்தி. அலகில் கறுப்புப் பூச்சு போட்டிருக்கும். மூன்று வருஷமாக மடத்துச் சமையலறையில் பலாவும் பூசணியும் வெட்டி வெட்டிப் பூச்சு தேய்ந்துபோயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. போன வியாழக்கிழமை, அம்மா வெளியூர் போயிருந்த நேரம். சமையல்காரர் சடையப்பன் கத்தியைக் கழுவி ஈரத்தோடு போட்டுவிட்டார். அவ்வளவுதான்! கோபத்தில் நல்லபெருமாள் அதைப் பிடுங்கி ஆட்டுக்கல்லின் மேல் வீசினார் பாருங்கள், அதில் விழுந்த கீறல்தான் இப்போது அவரை உட்காரவிடவில்லை. நுனியிலிருந்து பிடிவரை ஒரே கோடு. அதில் துருவும் ஏறியிருந்தது.

அம்மா பார்த்தால் கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் மூன்று வருஷக் காத்திருப்பு போச்சு.

நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? வாசல் கேட்டுக்கு அடித்து மீந்த கறுப்புப் பெயின்ட்டை எடுத்து முந்தின நாள் கத்தியில் பூசிவிட்டார். அது சரியாகக் காயக்கூட இல்லை.

நல்லபெருமாள் நீட்டிய கத்தியை அம்மா வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"புதுசு மாதிரி இருக்கே."

"ஆமாம்மா."

"வாங்க, குருபூசைக்குக் காய் நறுக்கணும்."

சமையலறையில் சடையப்பன் ஒரு வெண்பூசணியை உருட்டி வைத்தார். நல்லபெருமாள் கத்தியை எடுத்தார். வெட்டினார். வெள்ளை வெளேரென்ற சதையில் கறுப்பாக ஈஷிக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி வெட்டினார். அதிலும் கறுப்பு.

"என்ன ரேஞ்சர் சார் இது, பெயின்ட்டா?" என்றார் சடையப்பன்.

"எல்லாம் உன்னாலதான்யா! அன்னைக்கு நீ ஈரத்தோட போடாம இருந்திருந்தா நான் ஏன் தூக்கி எறியறேன், ஏன் இதைப் பூசறேன்?"

கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டு பூசணித் துண்டுகளை அள்ளி எருக்குழியில் போடப் போனார்.

பின்னால் நின்றிருந்த அம்மா கத்தியை வாங்கிக்கொண்டார். மண்ணெண்ணெய் தொட்டுப் பெயின்ட்டை எடுத்தார். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் துருவைத் தேய்த்தார். கழுவினார். கீறல் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த புதுக் காவித் துணியை எடுத்தார். அது நல்லபெருமாளுக்கென்று நெய்து வந்தது. அதன் ஓரத்தில் கைக்குட்டை அளவுக்குச் சர்ரென்று கிழித்தார்.

"ஐயோ அம்மா!"

அந்தத் துண்டால் கத்தியை ஈரம் போகத் துடைத்தார். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு அலகு முழுக்கத் தடவினார். கத்தியையும் துண்டையும் அவர் கையில் கொடுத்தார்.

நல்லபெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கீறல் அப்படியே இருக்கேம்மா."

"இருக்கும்."

"மறுபடி துரு வருமே?"

"ஈரத்தோட விட்டா வரும்."

"அப்போ ஒவ்வொரு தடவையும் துடைச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"ஆமா."

சடையப்பன் திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் இன்னொரு பூசணியை எடுத்து வைத்தார்.

"தப்பு என்னோடதுதான் சடையப்பா" என்றார் நல்லபெருமாள்.

"விடுங்க சார். நேரமாவுது, நறுக்குங்க."

நறுக்கினார். இந்த முறை காய் வெள்ளையாகவே இருந்தது. நறுக்கி முடித்ததும் கத்தியைக் கழுவி, அந்தக் காவித் துண்டால் துடைத்தார். பக்கத்தில் ஈரமாகக் கிடந்த சடையப்பனின் அரிவாள்மணையையும் இழுத்துத் துடைத்தார். அப்புறமும் மனசு கேட்கவில்லை. அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, மீதித் துணி?"

"முதல்ல இந்தத் துண்டு தேய்ஞ்சு கிழியட்டும். அப்புறம் வந்து கேளுங்க."