பேச்சியம்மா ஊத்தின மூணு வாளித் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு பேச்சியம்மா இருந்தாளாம். ஹெலிகாப்டர் ஓட்டுறவ. கயித்துல ஒரு ராட்சச வாளியைத் தொங்கவிட்டு, ஏரியில முக்கி, காட்டுத்தீ மேல கொண்டுபோய் ஊத்துறதுதான் அவ வேலை. ம் சொல்லு கண்ணு. ம்.

ஒரு பங்குனியில கரடிப்பாறை மலை பத்திக்கிச்சு. சடசட, படபடன்னு எரியுது. துடைப்பப்புல்லு அறுக்கப் போன பொம்பளைங்க உச்சிப் பாறையில மாட்டிக்கிட்டாங்க. சுத்தி நெருப்பு.

பேச்சியம்மா ஓடிப்போய் ஹெலிகாப்டர்ல ஏறினா. அப்போ ஒரு அதிகாரி மறிச்சு, "இரும்மா, மந்திரி வந்து கொடியசைக்கணும்"னார்.

"சார், மேல ஆளுங்க இருக்காங்க!"

"பந்தல் போட்டாச்சும்மா."

பந்தலே போட்டாச்சு, அப்புறம் நெருப்பு மரியாதையாக் காத்திருக்காதா என்ன?

மந்திரி வந்தார். வாளிக்குச் சந்தனம், குங்குமம் வெச்சாங்க. அப்புறம் நெருப்பைக் கண்டிச்சு ஒரு பேச்சு பேசினார் பாரு! நெருப்புக்குத்தான் காது கேக்கலை. பேச்சியம்மாவுக்கு வயிறு எரிஞ்சுது. கொடிக்குக் காத்திருக்காம தடதடதடன்னு கிளப்பிட்டா.

மொத வாளி. புகைக்குப் பயந்து ரொம்ப உசரத்துல இருந்து ஊத்தினா. புஸ்ஸ்ஸ்! காத்துலயே சிதறிப்போச்சு. தீ மேல ஒரு சொட்டு விழலை. பந்தல்ல எல்லாரும் கைதட்டினாங்க. கைதட்டத்தானே வந்திருக்காங்க.

தூங்கிட்டியா? ம்.

ரெண்டாவது வாளி. இந்தத் தடவை ரொம்பத் தாழ இறங்கினா. ஹெலிகாப்டர் காத்து பட்டு தீ குபீர்னு பாறைப் பக்கம் பாஞ்சுது. பொம்பளைங்க அலறினாங்க. "ஐயோ, நானே கொன்னுடுவேன் போலிருக்கே"ன்னு பதறினா. சட்டுனு விலகினா. வாளி கனத்துல மேல எழும்ப முடியலை. மலையடிவாரத்துல தண்ணியைத் திறந்துவிட்டா. தொபுக்கடீர்! கீழே பந்தல். அதுவரைக்கும் ஒழுங்கா நனைஞ்ச ஒரே இடம் அதுதான்.

அப்புறம் மூணாவது வாளி. உசரமும் இல்லாம, தாழவும் இல்லாம நின்னா. காத்து புகையை ஒதுக்குற வரைக்கும் பொறுத்தா. ஒதுங்கினதும் பாறை மேல தொடங்கி சரிவு நெடுக சொய்ய்ய்னு ஊத்திக்கிட்டே போனா. எரியுற புல்லுக்கு நடுவுல கறுப்பா, ஈரமா ஒரு பாதை விழுந்துது. "ஓடுங்கடி!"ன்னு ஒரு குரல். பாறையில இருந்து எல்லாரும் அதுவழியா தபதபன்னு ஓடி வந்துட்டாங்க. மிச்சத் தீயை வனக்காவலருங்க பச்சைக் கொப்பால அடிச்சு அடிச்சு அணைச்சாங்க.

மந்திரி சொட்டச் சொட்ட நின்னு, "நாமளே களத்துல இறங்கிட்டோம்"னு டிவிக்குப் பேட்டி குடுத்துக்கிட்டிருந்தார். பேச்சியம்மா ஹெலிகாப்டரை இறக்கிட்டு, அவரைத் தாண்டி அந்தப் பொம்பளைங்ககிட்ட ஓடினா. அதுல மூத்தவ சீனியம்மா, சேலையைப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டா.

"நீதான் ஊத்தினியா?"

"ஆமாக்கா."

"இவ்வளவு நேரம் எங்கடி போனே?"

சீனியம்மா அவளை இழுத்து, ஈரச் சேலையோட இறுக்கிக் கட்டிக்கிட்டா.

தீயும் அணைஞ்சுது, கதையும் அணைஞ்சுது. நீ கண்ணை மூடு.