மூக்காயி பாடாத நாலாவது அடி

ஒரு ஊர்ல சூரப்பன்னு ஒரு மணியக்காரர் இருந்தாராம். எச்சிக் கையால காக்கா ஓட்டாத மனுசன். அவரு வீட்டு முத்தத்துல தினமும் நாலு பொம்பளைங்க நெல்லுக் குத்துவாங்க. அதுல ஒருத்தி மூக்காயி. புருசன் இல்லாதவ, மடியில கைப்பிள்ளை. தாய்ப்பால் வத்திப் போச்சு. அவ வளத்த ஒரே ஒரு வெள்ளாட்டுப் பால்லதான் அந்தப் பிள்ளை உசுரைப் புடிச்சிருந்துச்சு, பாவம்.

நாலாம் நாள் ராசா வாராருன்னு தண்டோரா போட்டாங்க. விருந்து வைக்கணுமே! சூரப்பன் ஆடு வாங்குற ஆளா? ஆள் இல்லாத நேரமாப் பாத்து மூக்காயி ஆட்டை அவுத்து, ஓட்டிட்டுப் போயி, ஊருக்கு வெளிய தேர்க்கொட்டாயில கட்டிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு.

மூக்காயி அழுதா, தேடுனா, மறுபடி அழுதா. அப்புறம் மூக்கைச் சிந்திட்டு உலக்கையை எடுத்தா. அந்த ஊரு வழக்கம் என்னன்னா, குத்துறவ மூணு அடி பாடுவா, தெரிஞ்சவங்க யாராச்சும் நாலாவதை முடிக்கணும். முடிச்சாத்தான் ஓங்குன உலக்கை இறங்கும். இவ புதுசா ஒண்ணு கட்டிப் பாடுனா:

"ஆட்டை அவுத்தது யாரு, தன்னன்னே
ஓட்டிப் போனது யாரு, தன்னன்னே
கட்டி வச்ச எடம் எங்க, தன்னன்னே..."

அம்புட்டுதான். நாலு உலக்கையும் அந்தரத்துல நிக்குது. அன்னையில இருந்து தினமும் இதே பாட்டு, மூணு அடியோட நிக்கும்.

மொத நாள் சூரப்பன் சாப்பிட உக்காந்தாரு. சோத்தைப் பிசையிற கை தானாத் தாளம் போடுது. ரெண்டாம் நாள் குளிச்சாரு. மூணு சொம்பு தலையில ஊத்துனாரு, நாலாவது சொம்பு கையிலயே நிக்குது. மூணாம் நாள் சாமி கும்பிட்டாரு. மந்திரம் வரல, தன்னன்னே வருது. சிரிக்காதீங்கடா, உங்களுக்கும் ஒருநாள் வரும்.

"ஏ மூக்காயி, அந்தப் பாட்டை முடிச்சுத் தொலையேன்."

"எனக்குத் தெரியலீங்க ஐயா. தெரிஞ்சவுக முடிக்கட்டும்."

ராசாவும் வந்தாரு. உக்காந்தாரு. கேட்டாரு.

"மழை உண்டா?"

"உண்டு மகாராசா."

"குளம் நெறஞ்சுதா?"

"நெறஞ்சுது மகாராசா."

"ஊருல களவு உண்டா?"

மணியக்காரர் பதில் சொல்ல வாயைத் தொறக்கவும், முத்தத்துல மூணு அடி ஓடி வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. சூரப்பன் பல்லைக் கடிச்சாரு. துண்டை எடுத்து வாயில வச்சாரு. ம்ஹூம், முடியல. நல்ல சுதியா, கணீர்னு பாடிட்டாரு:

"பூட்டுன தேர்க்கொட்டாயில, தன்னன்னே!"

தொம்முனு உலக்கை இறங்குச்சு. அவருக்கு மூணு நாளா நெஞ்சை அடைச்சது எல்லாம் எறங்கி, 'அப்பாடா'ன்னு மொகமே மலந்து போச்சு. ராசா வேற தொடையைத் தட்டி "சபாஷ்"னுட்டாரு. அப்புறம்தான், "என்னய்யா பாட்டு இது?"ன்னு கேட்டாரு.

மூக்காயி உள்ள வந்து எல்லாத்தையும் சொன்னா. சாவி இடுப்புலயே மாட்டுச்சு. ஆடு உசுரோட வந்துச்சு, பிள்ளை வயிறு நெறஞ்சுது. ராசா தீர்ப்புச் சொன்னாரு: மணியம் போச்சு, இனிமே தினமும் காலையில சூரப்பன் தழைக்கட்டைத் தலையில சுமந்து அந்த ஆட்டுக்குக் கொண்டு போகணும், நாலு அடியையும் சத்தமாப் பாடிக்கிட்டே போகணும். தெருவே நின்னு அவருக்குத் "தன்னன்னே" போட்டுச்சாம்.

களவாண்டவன் வாயைப் பூட்டிக்கலாம் கண்ணுகளா, மண்டைக்குள்ள ஓடுற பாட்டைப் பூட்ட முடியாது. கதை அதோட ஊருக்குப் போயாச்சு, நீங்க தூக்கத்துக்குப் போங்க.