காற்றுச்செடியின் தூசி

மலை மடத்தில் வேலப்பன்தான் வயதில் மூத்தவர். லாரி ஓட்டி ஓய்ந்து, மனைவியும் போன பிறகு வந்து சேர்ந்தவர். குரு நாச்சியம்மை அவரைவிட மிகவும் இளையவர். வேலப்பன் குருவை "அம்மா" என்பார். குரு வேலப்பனை "அண்ணே" என்பார்.

வேலப்பனுக்கு ஒரு தொல்லை. யாராவது தட்டில் கஞ்சி ஊற்றினால் போதும், கண் நிறைந்துவிடும்.

"அண்ணனுக்கு உப்பு வேண்டாம். கண்ணுலயே வச்சிருக்காரு" என்பார் பரிமாறும் சிங்காரம். பந்தியே சிரிக்கும். வேலப்பனும் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்து வைப்பார்.

அவருக்குத் தீட்சை தர நாள் குறித்தார்கள். மறுநாள் காலை பையோடு வந்து நின்றார்.

"கிளம்பறேன் அம்மா."

"ஏன் அண்ணே?"

"ஒரு கரண்டிக் கஞ்சிக்குக் கலங்குறவன் காவி கட்டலாமா? காலமெல்லாம் ரோட்டோரக் கடையில விலைக்கு வாங்கித் தின்னவன். சும்மா ஒருத்தர் ஊத்தினா தாங்கலை. அடக்கிப் பார்த்துட்டேன், போகலை."

குரு வெளியே கை காட்டினார்.

"போறதுக்கு முன்னாடி அந்தச் செடியை எடுத்துக் குடுங்க."

கூரை இறவாரத்தில் கம்பியில் தொங்கியது காற்றுச்செடி. அன்னாசி இனம், மண்ணும் தொட்டியும் இல்லாமல் வாழ்வது. அதைப் பார்த்துக்கொள்வது வேலப்பனின் வேலை. இப்போது இலைகள் சுருண்டு, நுனி கருகியிருந்தது.

"இதுவும் என்கிட்ட உருப்படலை" என்று வேலப்பன் எடுத்துக் கொடுத்தார்.

"என்ன செஞ்சீங்க?"

"ஒரு குறையும் வைக்கலை அம்மா. இலை பூரா சாம்பல் மாதிரி தூசி. தினமும் ஈரத்துணியால அழுத்தித் துடைச்சேன். பாருங்க, எப்படிப் பளிச்சுனு இருக்கு."

"பளிச்சுனுதான் இருக்கு. தண்ணி எதால குடிக்கும்?"

"வேரால."

"இதுக்கு வேர் பிடிச்சுக்க மட்டும்தான். நீங்க துடைச்சது தூசி இல்லை அண்ணே, இலையோட செதில். அதாலதான் இது பனியைக் குடிக்குது."

வேலப்பன் பளிச்சென்ற இலையைத் தடவிப் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

குரு நடுக்குருத்தை விரலால் விலக்கிக் காட்டினார். துணி எட்டாத இடத்தில் சின்னதாக இரண்டு இலைகள், மேலெல்லாம் சாம்பல் பூத்து, நன்றாகவே இருந்தன.

அதைப் பார்க்கப் பார்க்க வேலப்பனுக்குக் கண் நிறைந்தது. பழக்கத்தில் கை துண்டுக்குப் போனது.

குரு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்குக் கஞ்சி நான் ஊத்தறேன். துடைக்காம வாங்கிக்குங்க."