கொம்பனும் தள்ளுபடியும்

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கிடா இருந்தான். பெயர் கொம்பன். பேச்சியம்மாள் அவனை வளர்த்தது ஒரே காரணத்துக்காகத்தான். மகள் வதனி பிளஸ் டூ முடித்ததும் அவனை விற்றுக் கல்லூரியில் முதல் கட்டணம் கட்ட வேண்டும்.

இது கொம்பனுக்கும் தெரியும். எந்தக் கறிக்கடைக்குப் போகப் போகிறோமோ என்ற கவலையில் புண்ணாக்குகூட அவனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

ஒருநாள் கூரைமேல் இருந்த சேவல் ஒரு சேதி சொன்னது. நகரத்துக் கல்லூரி ஒன்று பரீட்சை வைக்கிறதாம். தேறுகிற பிள்ளைக்குப் படிப்பு முடிகிறவரை முழுக் கட்டணமும் தள்ளுபடியாம்.

கொம்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து வதனியைவிட அவன்தான் பரீட்சைக்கு மும்முரமாக இருந்தான். அவள் படிக்கும்போது கத்துவதில்லை. பக்கத்து வீட்டில் பாட்டை அலறவிட்டபோது ஸ்பீக்கர் ஒயரையே கடித்துத் தின்றான். அதற்கு விழுந்த அடியையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

வதனி தேறினாள். கொம்பன் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றிக் குதித்தான். அப்போதுதான் பேச்சியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "கருப்பசாமி, வேண்டுன மாதிரியே குடுத்துட்ட. கிடா ஒனக்குத்தான்" என்றாள்.

கோயிலில் மாலை போட்டு, பூசாரி அவன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் வெட்டமாட்டார்கள். தண்ணீர் காதுக்குள் இறங்கிக் குறுகுறுத்தது. கொம்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு குடத்தையே கவிழ்த்துப் பார்த்தார்கள். அதற்கும் அசையவில்லை.

"சாமிக்கு வேண்டாமாம் தாயி, ஓட்டிட்டுப் போ" என்றார் பூசாரி.

வதனி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொம்பனுக்கும் அழுகை முட்டியது. சேவலுக்குத் தெரிந்தால் கேலி செய்யுமே என்று அடக்கிக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேச்சியம்மாள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். "நம்ம கஷ்டம் சாமிக்கே தெரிஞ்சிருக்கு. காலேஜுக்குத்தான துட்டு வேண்டாம்னாங்க? ஆஸ்டல் சோத்துக்குக் கட்டணுமே. வெள்ளிக்கெழம இவனச் சந்தைக்கு ஓட்டிருவோம்."

வதனி கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கொம்பன் கூரையை அண்ணாந்து பார்த்துக் கேட்டான். "முழுசும் தள்ளுபடின்னு நீதானடா சொன்ன?"

"படிப்பத்தாண்டா சொன்னேன்" என்றது சேவல். "பசியத் தள்ளுபடி பண்றதா யாரும் சொல்லலையே."